வில்லியம்ஸ் சிண்ட்ரோம்: தொலைந்த ஜீன்களும் 'வலது மூளை' விளக்கமும் (ஒரு நிகழ்வு ஆய்வு)

யானை வரையச் சொன்னார்கள். தாளில் வந்தது சில கோடுகளும் வளையங்களும்தான். காது ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தும்பிக்கை இன்னொரு பக்கம். எது எந்த உறுப்பு என்று வரைந்தவர் வாய்விட்டுச் சொல்லிக் குறித்துவைத்திராவிட்டால் அதை யானை என்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதே நபரிடம், யானை என்றால் என்ன என்று கேட்டார்கள். தங்குதடையில்லாமல் பேசினார். அதன் நிறம், விசிறி போன்ற காது, புல்லையும் வைக்கோலையும் எடுக்கும் தும்பிக்கை, கோபம் வந்தால் மிதித்துவிடும், காளை மாதிரி பாய்ந்து வரும், வீட்டில் வளர்க்க ஏற்றதல்ல, பூனையோ நாயோ பறவையோ வளர்க்கலாம் என்று ஆலோசனையும் கொடுத்தார். அவருக்கு வயது 18. ஐ.க்யூ. 49.

கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் உர்சுலா பெலூகி குழுவினர் பதிவுசெய்த இந்த நிகழ்வு, மூளை அறிவியல் பாடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே ஆளிடம் மொழி இவ்வளவு தூரம் ஓடுகிறது, இடஞ்சார்ந்த திறன் (வடிவம், தூரம், திசை ஆகியவற்றைக் கையாள்வது; சுருக்கமாக இடத்திறன்) இவ்வளவு பின்தங்குகிறது. காரணம், சில ஜீன்கள் தொலைந்துபோவதால் வரும் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாடு. மொழி இடது மூளை, இடவெளி வலது மூளை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்த எவருக்கும் உடனே ஒரு முடிவு தோன்றும்: இந்த ஜீன்கள் வலது பாதியைக் கட்டுகின்றன, அவை போனதால் வலது பாதி நலிந்துவிட்டது. நேர்த்தியான விளக்கம். ஆய்வாளர்களில் பலரும் முதலில் அந்த வழியில்தான் போனார்கள். அது எப்படி வந்தது, எங்கே உடைந்தது, உடைந்தபின் எது மிஞ்சியது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறேன். மூளையின் எந்தப் பாதி ஓங்கியிருக்கிறது என்பதற்கும் மரபுக்கும் இடத்திறனுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

பின்னணி

1961இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதய மருத்துவர் ஜே.சி.பி. வில்லியம்ஸ், ஒரே மாதிரி முகச்சாயலும் அறிவு வளர்ச்சிக் குறைவும் உள்ள நான்கு பேரை விவரித்தார். நால்வருக்கும் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி, வால்வுக்குச் சற்று மேலே குறுகியிருந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கனில் அலோயிஸ் பாய்ரனும் இதே தொகுப்பை எழுதினார். அதனால் சில நாடுகளில் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

காரணம் 1993இல் தெரிந்தது. 7ஆவது குரோமோசோமின் நீளக் கையில் சுமார் 15 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு ஒரு பிரதியில் விடுபட்டுப்போகிறது. அதோடு 26 முதல் 28 ஜீன்கள் போகின்றன. இரத்தக் குழாய்ச் சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதத்துக்கான ஜீன் அவற்றில் ஒன்று. மகாதமனி குறுகுவதற்கு அதுதான் பொறுப்பு. அந்தத் துண்டின் இரு ஓரங்களிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான டி.என்.ஏ. வரிசைகள் இருப்பதால், முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் தவறாக ஜோடிசேர்ந்து நடுப்பகுதி நழுவிவிடுகிறது. பெரும்பாலான குடும்பங்களில் இது புதிதாக நேர்வது. அப்பா வழியா அம்மா வழியா என்று வீட்டில் நடக்கும் பஞ்சாயத்துக்கு இங்கே இடமே இல்லை. நார்வேயில் செய்த கணக்கெடுப்பின்படி 7,500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது.

நம் ஊர் மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாடநூல்கள் இந்தக் குழந்தைகளின் கருவிழியில் நட்சத்திரம் போன்ற கோலம் தெரியும் என்கின்றன. நீலக் கண்ணிலும் பச்சைக் கண்ணிலும் தெரியும். கரும்பழுப்புக் கண்ணில் எளிதில் தெரியாது. அந்த அடையாளத்தைத் தேடிக் காணாமல், இது வில்லியம்ஸ் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இதய முணுமுணுப்பு, குழந்தைப் பருவத்தில் கால்சியம் கூடுதல், சத்தத்தைத் தாங்க முடியாமை, முன்பின் தெரியாதவரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது ஆகியவை சேர்ந்து வந்தால் விடுபட்ட குரோமோசோம் துண்டைக் கண்டறியும் ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே பரிசோதனைக்கு அனுப்புவதே சரி.

அறிவாற்றலில் சராசரி ஐ.க்யூ. 55லிருந்து 60க்குள் வரும். ஆனால் அந்த ஒற்றை எண் இவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சொல்வளம், முகங்களை நினைவில் வைப்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது ஆகியவை மேலே நிற்கும்; கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தைப் பிரதி செய்வது தரைதட்டும். வளர்ந்த ஒருவர் கட்டை அடுக்கும் தேர்வில் எடுக்கும் மதிப்பெண், பொதுவாக வளரும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தையின் அளவில் நின்றுவிடுவது வழக்கம்.

வலது பாதி மேல் சந்தேகம் ஏன் வந்தது

கட்டை அடுக்கும் தேர்வுக்கு மூளை வரலாற்றில் ஒரு முன்கதை உண்டு. 1962இல் லாஸ் ஏஞ்சல்ஸில், இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்டு ஓயாத வலிப்போடு வாழ்ந்த ஒரு முன்னாள் வீரருக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுவைசெய்து துண்டித்தார்கள். ஆய்வுலகில் அவரை டபிள்யூ.ஜே. என்று குறிப்பிடுவார்கள். பாலம் துண்டானபின், வலது கையை இயக்கும் இடது பாதிக்கும் இடது கையை இயக்கும் வலது பாதிக்கும் ஒன்றுக்கொன்று நேரடிப் பேச்சு இல்லை. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் ரோஜர் ஸ்பெரியும் அப்போது மாணவராக இருந்த மைக்கேல் கசானிகாவும் அவரைச் சோதித்தார்கள்.

சிவப்பும் வெள்ளையுமாக முகங்கள் கொண்ட நான்கு கட்டைகள், பக்கத்தில் ஓர் அட்டையில் மாதிரிக் கோலம். இடது கை சரசரவென்று அடுக்கிவிட்டது. அவர் வாழ்நாள் முழுக்க எழுதவும் பிடிக்கவும் பயன்படுத்திய வலது கை அதே கோலத்துக்கு முன்னால் தடுமாறியது. கட்டையைத் திருப்பும், மாற்றும், மறுபடி திருப்பும்; இரண்டுக்கு இரண்டு என்ற சதுர அமைப்பே கலைந்துபோகும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த இடது கை பொறுக்காமல் நடுவில் வந்து உதவப் பார்த்தது. அந்தக் கையின் மேல் உட்கார்ந்துகொள்ளும்படி அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு கையையும் விட்டபோது ஒன்று கட்டியதை மற்றொன்று கலைத்தது. பின்னாளில் இதே அறுவை செய்துகொண்ட எல்லோரிடமும் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. இருந்தாலும் அந்தச் சோதனையைப் படமெடுத்த சுருளைப் பார்த்தவர்களின் மனதில் 'கட்டை அடுக்குவது வலது பாதியின் வேலை' என்பது ஆழமாகப் பதிந்துவிட்டது. இந்தத் துறைப் பணிக்காக ஸ்பெரிக்கு 1981இல் நோபல் கிடைத்தது.

பெலூகிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வில்லியம்ஸ் பக்கம் வருமுன் அவர் ஆராய்ந்தது காது கேளாதோரின் சைகை மொழியை. சைகை மொழி முழுக்க முழுக்க உடலுக்கு முன்னால் உள்ள இடவெளியில், கைகளால் நடப்பது. அப்படியானால் அது வலது பாதியின் சொத்தா? பக்கவாதம் வந்த சைகைப் பேச்சாளர்களை அவரும் ஹோவர்ட் பாய்ஸ்னரும் எட்வர்ட் கிளைமாவும் சோதித்தார்கள். இடது பாதி பாதிக்கப்பட்டவர்களுக்குச் சைகை குலைந்தது. வலது பாதி பாதிக்கப்பட்டவர்களுக்குச் சைகை சரளமாகவே இருந்தது. அவர்களில் ஒருவர் ஓர் அறையின் அமைப்பைச் சைகையில் விவரித்தபோது மேசை நாற்காலி எல்லாவற்றையும் வலப்பக்கமே குவித்துவிட்டார், இடப்பக்கம் காலி. அதே நபர், இலக்கணத்துக்காக இடப்பக்க வெளியைப் பயன்படுத்த வேண்டிய வாக்கியங்களில் தவறே செய்யவில்லை. வெளியை மொழிக்காகப் பயன்படுத்துவதும் வெளியை வெளியாகவே கையாள்வதும் மூளையில் இருவேறு இடங்களில் இருக்கின்றன என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது அரிது. இந்த அனுபவத்தோடு வில்லியம்ஸ் குழந்தைகளைப் பார்த்தவருக்கு, மொழி ஓடி வரைதல் நொடிக்கும் அந்த உருவம் வலது பாதி அடிபட்டவரை நினைவூட்டியதில் வியப்பில்லை.

சான்றும் கிடைத்தது. பெரிய 'டி' (D) எழுத்து ஒன்று. அது சின்னச் சின்ன 'ஒய்' (Y) எழுத்துகளால் ஆனது. இதைப் பார்த்து வரையச் சொன்னால் என்ன வருகிறது? 1986இல் டெலிஸ் குழுவினர், வலது பாதி சேதமானவர்கள் இந்த வகைப் படத்தில் சின்ன எழுத்துகளை மட்டும் வரைந்து பெரிய வடிவத்தைத் தவறவிடுகிறார்கள், இடது பாதி சேதமானவர்கள் பெரிய வடிவத்தைப் பிடித்துச் சின்னதை விடுகிறார்கள் என்று காட்டியிருந்தார்கள். 1989இல் பெலூகி குழு இதை இரு வகைக் குழந்தைகளிடம் வைத்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் ஒரு பெரிய 'டி' போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஒத்த வயதும் ஒத்த ஐ.க்யூவும் கொண்ட வில்லியம்ஸ் குழந்தைகள் தாள் முழுக்க 'ஒய்'களை இறைத்தார்கள். பெரிய 'டி' எங்கும் இல்லை. வலது பாதி நோயாளிகளின் தாளைப் பக்கத்தில் வைத்தால் அச்சு அசல்.

விளக்கம் உடைந்த இடங்கள்

முதல் விரிசல் முகங்களில் விழுந்தது. முகத்தை அடையாளம் காண்பது மனித மூளையில் வலது பாதியே ஓங்கிநிற்கும் வேலைகளில் முதன்மையானது. வலது பாதி நலிந்திருந்தால் முதலில் அடிபட வேண்டியது அதுதான். வில்லியம்ஸ் உள்ளவர்கள் அதிலோ ஐ.க்யூவை மீறி நன்றாகச் செய்கிறார்கள். ஒருமுறை பார்த்தவரைப் பல மாதம் கழித்துச் சந்தையில் கண்டு கையைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைகள் இவர்கள். ஒரு பாதியே பழுது என்றால் அந்தப் பாதியின் மிகச் சிறந்த வேலை எப்படித் தப்பியது?

இரண்டாவது, பார்ப்பதும் வரைவதும் ஒன்றா என்ற கேள்வி. 1999இல் ஜான் பானியும் கரோலின் மெர்விஸும், பிறகு எமிலி ஃபாரனும் கிறிஸ் ஜாரல்டும் இதைத் தனித்தனியாகச் சோதித்தார்கள். காட்சியில் பெரிய வடிவத்தைக் கவனிக்கிறார்களா சின்னதையா என்று, கையில் பென்சில் கொடுக்காமல், எதிர்வினை நேரத்தைக் கொண்டு பார்த்தார்கள். வில்லியம்ஸ் உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவே பெரிய வடிவத்தால் ஈர்க்கப்பட்டார்கள். அதாவது 'டி' அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அதைக் கைவழியாக மறுபடி கட்டியெழுப்பும்போதுதான் நழுவுகிறது. காடு தெரியாமல் மரம் மட்டும் தெரிகிறது என்று பத்தாண்டுகள் சொல்லிவந்த விவரிப்பு இங்கே திருத்தப்பட்டது. என் பார்வையில் இந்த நிகழ்வின் மிக முக்கியமான திருப்பம் இதுதான். ஒரு குழந்தையின் தாளில் இருப்பது அதன் கண்ணில் பட்டதன் நகல் என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இடையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று யோசிப்பதில்லை: மாதிரியில் ஒரு பகுதியைப் பிரித்தெடுப்பது, அது எங்கே இருந்தது என்று மனதில் பிடித்துக்கொள்வது, கண்ணைத் தாளுக்குத் திருப்புவது, அங்கே அதற்கான இடத்தைக் கண்டுபிடிப்பது, கையை நகர்த்துவது, திரும்ப மாதிரிக்குப் போவது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்பரா லேண்டாவின் குழு, கட்டை அடுக்கும்போது வில்லியம்ஸ் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்தது. எளிய கோலங்களில் மற்ற குழந்தைகளைப் போலவே மாதிரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிபார்த்தார்கள். கோலம் சிக்கலானபோது மாதிரியைப் பார்ப்பதே குறைந்துபோனது. அந்தப் படிகளின் சங்கிலிதான் அறுந்தது.

லேண்டாவின் குழு இன்னொன்றும் காட்டியது. இருட்டில் ஒருவர் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி ஒட்டிக்கொண்டு நடந்தால், அந்தப் புள்ளிகளின் அசைவிலிருந்தே நடப்பவரை நாம் உணர்ந்துகொள்வோம். புள்ளிகளை இடத்திலும் காலத்திலும் சேர்த்துக் கோக்கும் நுட்பமான வேலை இது. வில்லியம்ஸ் குழந்தைகள் இதை நன்றாகவே செய்தார்கள். ஆக, 'இடத்திறன்' என்ற ஒரே பெயருக்குள் நாம் போட்டுவைத்திருப்பவை பல. அவற்றில் சில இவர்களிடம் நொறுங்கியிருக்கின்றன, சில கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன.

நொறுங்கியவற்றுக்குப் பொதுவானது எது? 1997இல் ஜேனட் அட்கின்சனும் ஆலிவர் பிராடிக்கும் செய்த தபால்பெட்டிச் சோதனை இங்கேதான் வெளிச்சம் தந்தது. ஒரு பெட்டியில் நீளமான துவாரம். அதைச் சாய்கோணம் மாற்றி மாற்றி வைக்கலாம். முதல் வேலை: கையில் உள்ள அட்டையைத் துவாரத்தின் சாய்வுக்கு ஒத்தபடி திருப்பிக் காட்டு. இரண்டாவது: அட்டையைத் துவாரத்துக்குள் போடு. கண்ணுக்குத் தெரிவது இரண்டிலும் ஒன்றே. வில்லியம்ஸ் குழந்தைகளில் பலர் திருப்பிக் காட்டுவதில் சமாளித்தார்கள், போடுவதில் திணறினார்கள். மூளையின் பின்புறப் பார்வைப் பகுதியிலிருந்து இரண்டு வழிகள் கிளம்புகின்றன. கீழ்வழி பொட்டு மடலுக்குப் போய் 'இது என்ன' என்பதைக் கவனிக்கிறது. முகமும் பொருளும் அதில் அடங்கும். மேல்வழி உச்சி மடலுக்குப் போய் 'எங்கே இருக்கிறது, கையை எப்படிக் கொண்டுபோவது' என்பதைக் கவனிக்கிறது. வில்லியம்ஸில் அடிபடுவது மேல்வழி. முகம் தப்பியதற்கும் கட்டை சரிந்ததற்கும் ஒரே விடை இப்போது கிடைத்துவிட்டது. பிளவு இடம் வலமாக ஓடவில்லை. மேல் கீழாக ஓடுகிறது.

2004இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஆண்ட்ரியாஸ் மேயர்-லிண்டன்பெர்க், கேரன் பெர்மன் குழு மூளைப் படங்களில் இதை உறுதிசெய்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஆட்கள்தான் இந்த ஆய்வின் பலம்: முழு விடுபடலும் இருந்து, ஐ.க்யூ. மட்டும் இயல்பான அளவில் இருந்த வில்லியம்ஸ் பெரியவர்கள். இது மிக அரிது. பொதுவான அறிவுக் குறைவு என்ற குழப்பத்தை அதனால் ஒதுக்கிவைக்க முடிந்தது. உச்சி மடலின் உட்பள்ளத்தில் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் அடர்ந்த திசு) குறைந்திருந்தது, அதை ஒட்டிய மேல்வழிப் பகுதி வேலையின்போது மந்தமாக இருந்தது. அந்தக் குறைவு வலது பாதியிலும் இடது பாதியிலும் சமச்சீராக இருந்தது. 'வலது மூளை' விளக்கம் அத்தோடு முடிந்தது.

டபிள்யூ.ஜே.யின் இடது கை காட்டியது பொய்யா என்றால், கிடையாது. முழு வளர்ச்சி பெற்ற மூளையில் கட்டை அடுக்கும் வேலைக்கு வலது உச்சி மடல் கூடுதலாகப் பங்களிக்கிறது என்பதற்குப் பக்கவாத நோயாளிகளிடமிருந்தும் ஏராளமான சான்று உண்டு. தவறு, வளர்ந்த மூளை உடைவதைப் பார்த்து எழுதிய வரைபடத்தை, கருவிலிருந்தே வேறு விதமாக வளர்ந்த மூளைக்கு அப்படியே பொருத்தியதில் இருந்தது.

எந்த ஜீன்?

1996இல் 'செல்' இதழில் வந்த ஒரு கட்டுரை பெரிய பரபரப்பை உண்டாக்கியது. இரண்டு குடும்பங்களில் இந்தத் துண்டின் மிகச் சிறிய பகுதி மட்டும் விடுபட்டிருந்தது: எலாஸ்டின் ஜீனும் பக்கத்தில் உள்ள லிம் கைனேஸ்-1 ஜீனும். அந்த உறுப்பினர்களுக்கு ஐ.க்யூ. குறையவில்லை, கட்டை அடுக்கும் திறன் மட்டும் தனியாகச் சரிந்திருந்தது. லிம் கைனேஸ்-1 மூளையில் வேலை செய்வது. நரம்பணுக்கள் தம் கிளைகளையும் முட்களையும் நீட்டி மடக்க உதவும் ஆக்டின் இழைகளைக் கட்டுப்படுத்துவது. இடத்திறனுக்கான ஜீன் கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள்.

மூன்றே ஆண்டில், 1999இல், மான்செஸ்டரில் மே தஸ்ஸபெஹ்ஜியும் லண்டனில் அனெட் கார்மிலோஃப்-ஸ்மித்தும் சேர்ந்து மறுபக்கத்தைக் காட்டினார்கள். லிம் கைனேஸ்-1 ஒரு பிரதி இல்லாமலேயே இடத்திறனில் குறை ஏதும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பிறகு கவனம் துண்டின் மறு ஓரத்துக்குப் போனது. அங்கே ஜி.டி.எஃப்.2.ஐ. குடும்பத்து ஜீன்கள் இருக்கின்றன. இவை மற்ற ஜீன்களை முடுக்கும், அடக்கும் புரதங்களுக்கானவை. துண்டின் ஒரு பகுதி மட்டும் விடுபட்டு அந்த ஓரம் தப்பியவர்களிடம் அறிவாற்றல் பாதிப்பு லேசாக இருப்பது தெரியவந்தது. லிம் கைனேஸ் ஜீனை நீக்கிய எலிகளில் நரம்பு முட்களின் வடிவம் மாறி, நீர்த்தொட்டியில் இடம் கற்கும் திறனும் மாறியதால் அதையும் முழுக்கக் கைகழுவ முடியவில்லை. தனியாகப் போனால் தாங்கிக்கொள்ளலாம், கூட்டாகப் போனால் தாங்காது என்பதே இப்போதைக்கு நியாயமான வாசிப்பு.

2005இல் இதே துண்டு விடுபடுவதற்குப் பதில் இரட்டித்த ஒரு குழந்தையின் விவரம் வெளிவந்தது. இரண்டு பிரதிக்குப் பதில் மூன்று. அந்தக் குழந்தைக்குப் பேச்சு வருவதுதான் கடுமையாகத் தாமதப்பட்டது. ஒரு பிரதி குறைந்தால் பேச்சு ஓடி வரைதல் நொடிக்கிறது. ஒன்று கூடினால் பேச்சு தடைப்படுகிறது. இந்த ஜீன்கள் 'இருக்கிறதா இல்லையா' என்பதைவிட 'எவ்வளவு' என்பது முக்கியம் என்று இது காட்டியது.

ஓங்கிய பாதி வேறு, இடத்திறன் வேறு

வில்லியம்ஸ் ஓர் அரிய நிலை. பொதுமக்களிடம் மூளையின் ஒரு பாதி ஓங்கியிருப்பதும் இடத்திறனும் மரபில் ஒன்றாகக் கட்டுண்டு வருகின்றனவா?

கைப்பழக்கத்தைப் பார்ப்போம், அளக்க எளியது என்பதால். பத்தில் ஒன்பது பேர் வலக்கையர். வலக்கையர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினருக்கு மொழி இடது பாதியில். இடக்கையர்களிலும் பெரும்பான்மையோருக்கு அங்கேதான். இரட்டையர் ஆய்வுகளின்படி கைப்பழக்க வேறுபாட்டில் மரபின் பங்கு கால்வாசிதான். 2021இல் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் டி.என்.ஏ.வை அலசிய ஆய்வில் இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புள்ள 41 இடங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் விளைவும் கடுகளவு. அவற்றில் பல, செல்லுக்குள் சாரம்போல் நிற்கும் நுண்குழாய்களோடு சம்பந்தப்பட்டவை. இதயமும் கல்லீரலும் பக்கம் மாறிப் பிறந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி இடது பாதியிலேயே இருக்கிறது. உடலுறுப்புகளின் இடவலமும் மூளையின் இடவலமும் ஒரே கட்டளையில் நடப்பதில்லை.

இடத்திறனின் கணக்கு வேறு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2017இல் வெளியான ஆய்வில் 1,367 இரட்டையர் ஜோடிகளுக்குப் பத்து வகை இடத்திறன் தேர்வுகள் வைத்தார்கள். பத்துக்கும் பொதுவான ஒரு காரணி வெளிப்பட்டது. அதில் ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 69 சதவீதம் மரபோடு தொடர்புடையது. கைப்பழக்கத்தில் கால்வாசி, இங்கே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். இரண்டும் ஒரே ஜீன் தொகுப்பின் இரு முகங்களாக இருந்தால் இந்த இடைவெளி வந்திருக்காது. இடக்கையர் எல்லாம் பிறவிக் கலைஞர்கள் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்து விழுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இடத்திறனில் வலக்கையருக்கே மிகச் சிறிய கூடுதல் தெரிந்தது, அதுவும் கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு.

'வலது மூளை ஆள்', 'இடது மூளை ஆள்' என்று மனிதர்களைப் பிரிப்பதற்கும் ஆதாரம் இல்லை. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 1,011 பேரின் மூளைப் படங்களை அலசினார்கள். குறிப்பிட்ட வேலைகள் ஒரு பக்கம் சாய்வது உண்மை. ஓர் ஆளின் மூளை முழுவதுமாக ஒரு பக்கம் ஓங்கியிருப்பது தென்படவில்லை. தமிழ்நாட்டு ஊர்களில் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் எடுத்து, உங்கள் பிள்ளை இத்தனை சதவீதம் வலது மூளை, ஆகவே கட்டடக்கலை படிக்க வை என்று வண்ண அறிக்கை கொடுக்கும் வியாபாரம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்கும் பெற்றோரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மூளையைப் படமெடுத்தே காண முடியாத ஒன்றை விரல் நுனியில் காண வழியில்லை.

குழந்தை எதிரில் இருக்கும்போது

கார்மிலோஃப்-ஸ்மித் கடைசிவரை வலியுறுத்திய ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் தெரியும் மேடுபள்ளங்களைப் பிறவியிலேயே அப்படி இருந்ததாகக் கொள்ளாதே. வில்லியம்ஸ் குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகவே தொடங்குகிறது. விரல் நீட்டிக் காட்டுவதும் தாமதம். நடைபழகும் வயதிலேயே, கண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திட்டமிட்டு நகர்த்துவதில் சிக்கல் இருக்கிறது. கண் நகர்வு அப்படி இருந்தால், அம்மா காட்டும் பொருளைத் தொடர்ந்து பார்ப்பது, அதன் பெயரைக் கற்பது, பொருள்களுக்கு இடையே உள்ள தூரத்தை உணர்வது எல்லாமே வேறு பாதையில் போகும். பின்னாளில் சரளமாகிவிடும் பேச்சிலும் இடத்தைக் குறிக்கும் சொற்களில் தடம் தெரிகிறது: ஒன்று எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள், எங்கிருந்து கிளம்பியது என்பதை விட்டுவிடுவார்கள். ஜீன் நேராகக் கட்டை அடுக்கும் திறனைத் தொடுவதில்லை. ஆரம்பத்தில் ஒரு சிறிய விலகலை உண்டாக்குகிறது, ஆண்டுகள் அதைப் பெரிதாக்குகின்றன.

மதிப்பீடு செய்பவருக்கு இதிலிருந்து சில நேரடி வேலைகள் வருகின்றன. ஒட்டுமொத்த ஐ.க்யூ.வை மட்டும் எழுதி அறிக்கையை முடிக்கக் கூடாது. இப்படிப்பட்ட குழந்தையிடம் அந்தச் சராசரி இரண்டு பக்கமும் தவறு. கட்டை அடுக்கும் மதிப்பெண்ணையும், அதே கோலத்தைப் பல விடைகளிலிருந்து அடையாளம் காணும் மதிப்பெண்ணையும் தனித்தனியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பார்ப்பது பழுதா கட்டுவது பழுதா என்று தெரியும். குழந்தை எப்படித் தோற்றது என்பதைக் குறித்துக்கொள்வது எவ்வளவு எடுத்தது என்பதைவிடப் பயனுள்ளது. சதுர அமைப்பே கலைந்ததா, அமைப்பு இருந்து ஒரு கட்டை மட்டும் திரும்பியிருந்ததா, மாதிரியை எத்தனை முறை ஏறிட்டுப் பார்த்தது?

ஆசிரியருக்கும் வீட்டாருக்கும் கைகொடுப்பது மொழிதான். சட்டைப் பொத்தான், செருப்பு வார், எழுத்தின் வளைவு ஆகியவற்றைச் செய்து காட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு படியையும் சொல்லாக்கிக் கொடுத்து, குழந்தையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவைக்க வேண்டும். 'மேலே போ, நிறுத்து, இப்போ வலது பக்கம் வளை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதும் குழந்தையைச் சத்தம் போடாதே என்று அடக்கினால் அதன் ஊன்றுகோலைப் பிடுங்கியதாகும். மாதிரியைத் தாளுக்கு மிக அருகில் வையுங்கள். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதச் சொல்லாதீர்கள். படி இறங்கும்போதும் மேடுபள்ளத் தரையிலும் பயப்படுவது அடம் அல்ல. தூரத்தைக் காலுக்குச் சொல்லும் அதே மேல்வழிதான் அங்கேயும் தடுமாறுகிறது. கைப்பிடி உள்ள பக்கமாக நடக்கவிடுங்கள்.

69 சதவீதம் மரபு என்ற எண்ணைக் கேட்டுப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. அந்த எண் ஒரு கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் பற்றியது, ஒரு பிள்ளையின் எல்லையைப் பற்றியது அல்ல. பொதுவாக வளரும் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் செய்த 217 ஆய்வுகளை டேவிட் உட்டல் குழு 2013இல் தொகுத்தபோது, பயிற்சியால் இடத்திறன் சராசரியாக அரை நியமவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவுகோல்) அளவுக்கு உயர்ந்தது. அந்த உயர்வு பயிற்சி முடிந்தபின்னும் நிலைத்தது, பழகாத புதிய பணிகளுக்கும் ஓரளவு பரவியது. வில்லியம்ஸ் குழந்தையிடம் அதே அளவு முன்னேற்றத்தை எதிர்பார்த்து அவசரப்படுத்தக் கூடாது. நான்கு கட்டையில் தொடங்கி, ஒரு கட்டையை நாம் வைத்து அடுத்ததை அது வைக்கும்படி செய்து, அது சரியாக வைத்ததை வாயால் விவரிக்கச் சொல்லி, மெல்ல ஐந்துக்கும் ஆறுக்கும் போகலாம். இதய எக்கோ, இரத்த அழுத்தம், கால்சியம் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எலாஸ்டின் குறைவால் வரும் இரத்தக் குழாய்ச் சிக்கல் வளர்ந்தபின்னும் தொடரக்கூடியது.